ரயில் போட்ட கூடை

அன்புள்ள கண்ணுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ சென்னையில் படித்த நாலு வருஷமும், பெருந்துறைக்கு வேலைக்குப் போன பிறகும், என் பேரில் உனக்கு வந்த கடிதங்களில் ஒன்றுகூட நான் எழுதியது இல்லை. எல்லாம் உன் அம்மா எழுதியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டு, "நல்லாப் படிக்கச் சொல்லு, உடம்பைப் பாத்துக்கச் சொல்லு" என்பேன். அவள் அந்த இரண்டு வார்த்தைக்குக் கையும் காலும் வைத்து இரண்டு பக்கம் எழுதி என் முன்னால் நீட்டுவாள். கையெழுத்து மட்டும் என்னுடையது. ஒரு தடவை நீ, நாலாவதோடு நின்றவர் எழுதினது என்றால் ஹாஸ்டலில் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள் என்று பெருமையாக எழுதியிருந்தாய். அதை நான் பேக்கரிக்கு வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். உன் கூட்டாளிகள் புத்திசாலிகள்.

இந்தக் கடிதம் நானே எழுதுவது. எழுத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் கடையில் ஈ ஆடாது. அந்த நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து நாலு நாளாக எழுதுகிறேன். உன் அம்மாவிடம் சொல்லி எழுதச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் எழுதினால் என்னை இருக்கிறதைவிட நல்லவனாக ஆக்கிவிடுவாள். இந்த ஒரு விஷயத்தில் அது கூடாது. போனில் சொல்லிவிடலாம் என்று பூத்துக்கும் ஒரு நாள் போனேன். நீ எடுத்ததும் "சாப்பிட்டயா" என்று கேட்டேன், "சாப்பிட்டேனுங்கப்பா" என்றாய், எனக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை, வைத்துவிட்டேன். நாள் பூராவும் டீக்கு நிற்கிறவர்களை வாயாலேயே கட்டி வைக்கிறவனுக்கு அப்படி ஒரு கதி.

அடுத்த மாசம் உன் ஆத்தாவுக்கு, என்னைப் பெற்றவளுக்கு, முதல் வருஷத் திதி. லீவு இல்லை, வர முடியாது என்று எனக்குக் கார்டு போட்டிருக்கிறாய். உன் அம்மாவுக்குத் தனியாக எழுதினதையும் அவள் எனக்குப் படித்துக் காட்டிவிட்டாள். "ஆத்தா படத்தைப் பார்க்க எனக்கு முகம் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். பெருந்துறை என்ன எட்டாத ஊரா, பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் வந்துவிடலாம். நீ காரியம் முடிந்து போனவன் இந்த வீட்டுப்படி மிதித்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆத்தா கூடை பின்னுவதை விட்டது உன்னால் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது உன்னால் இல்லை. என்னால். சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் விவரம். விவரம் சொல்லாமல் விட்டால் அப்பா மகனைச் சமாதானப்படுத்த ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வாய், அதனால் முழுசும் எழுதுகிறேன்.

என் அப்பா நெஞ்சுவலியில் போனபோது எனக்கு ஆறு வயசு. அதற்கப்புறம் அம்மா ஸ்பின்னிங் மில்லில் கழிவுப் பஞ்சு பிரிக்கிற வேலைக்குப் போனாள். சாயங்காலம் வரும்போது தலை, புருவம், தோள் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். வாசலில் நின்றுகொண்டு, "ஏம்மா, ஊட்டியில இருந்தா வர்ற, பனி கொட்டியிருக்குது" என்பேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் நக்கல் அதுவாகத்தான் இருக்கும். எட்டு மணி நேரம் பஞ்சுத் தூசியில் நின்றுவிட்டு வந்தவள் அதற்கு அப்படிச் சிரிப்பாள். தினமும் அதையே சொல்வேன், தினமும் சிரிப்பாள். நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுப் பேக்கரியில் கிளாஸ் கழுவப் போனபோது மட்டும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் ஏதோ சொல்ல, சிரித்துவிட்டாள். நான் என்ன சொன்னாலும் சிரிக்கிறவள் என்று எனக்கு மனசில் பதிந்துபோனது அப்படித்தான். அந்த நினைப்புதான் பின்னால் என்னைக் கெடுத்தது.

அவளுக்குக் கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்காரத் தெரியாது. மில்லிலிருந்து நின்ற வருஷம், பக்கத்து வீட்டு ஜமீலா அக்கா பிளாஸ்டிக் வயரில் கூடை பின்னக் கற்றுக்கொடுத்தாள். ஒரே மத்தியானத்தில் கற்றுக்கொண்டாள். ஊரில் எல்லோரும் பூவும் கட்டமும் போட்டுப் பின்னினார்கள். அம்மா கண்ணில் பட்டதையெல்லாம் கூடையில் ஏற்றினாள். உக்கடம் குளத்தில் நிற்கிற கொக்கு, டிவி ஆன்டெனா மேல் உட்கார்ந்த காக்கா, என் கடை டீ கிளாஸ். கிளாஸுக்கு மேல் ஆவி பறக்கிறதுகூட வெள்ளை வயரில் வந்திருக்கும். ஜமீலா அக்கா, "ஏனுங்கம்மா, நான் சொல்லிக் குடுத்தது நாலு முடிச்சு. இந்தக் கொக்கை எங்கிருந்து புடிச்சீங்க" என்று கேட்பாள். "அது தானா வந்து உக்காந்துக்குச்சு அம்மணி" என்பாள் இவள்.

உனக்கு எட்டு மாசத்தில் சளி கட்டி இழுப்பு வந்தது. அணைத்துப் பிடித்தால் உனக்கு மூச்சு முட்டுகிறது என்று, நீ சாய்ந்து உட்காருகிற மாதிரி ஒரு பெரிய கூடை பின்னினாள். உள்ளே பழைய சேலையை மெத்தையாகத் தைத்துப் போட்டாள். நாங்கள் கடையைவிட்டு நகர முடியாத நாளில், அவள்தான் உன்னை அந்தக் கூடையில் வைத்து டவுன் பஸ்ஸில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போவாள். ஒரு நாள் கண்டக்டர், "ஏனுங்கம்மா, கூடையில கோழியா, சேவலா? லக்கேஜ் டிக்கெட் வாங்கோணும்" என்றிருக்கிறார். "பேரனுங்க. கொத்த மாட்டான், கொஞ்சம் நனைப்பானுங்க" என்றிருக்கிறாள். நீ அன்றைக்கு அவர் சட்டையை நனைத்தாய் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். உனக்கு இழுப்பு விட்டுப்போனது மருந்தாலா கூடையாலா என்று எனக்குத் தெரியாது. அந்த வருஷம் முழுக்க அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அப்புறம் நீ பள்ளிக்கூடம் போனாய், உன் கட்டம் போட்ட கணக்கு நோட்டு வந்தது, அவளுக்குக் கொண்டாட்டம். ஒரு கட்டம் ஒரு முடிச்சு என்று கணக்கு. நீ வாத்து வரைவாய், அவள் விரலால் கட்டம் எண்ணிப் பின்னுவாள். வாய்ப்பாடு எழுத வேண்டிய பக்கத்தில் வாத்து என்ன செய்கிறது என்று வாத்தியார் உனக்கு முட்டியில் ரெண்டு போட்டார். மறுநாள் அவள் பள்ளிக்கூடத்துக்கே போய், "வாத்து வரையச் சொன்னது நானுங்க, அடிக்கிறதுன்னா என்னை அடிங்க" என்று கையை நீட்டிவிட்டு, வாத்து போட்ட கூடை ஒன்றையும் அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள். அந்த மனிதர் ரிட்டையர் ஆகிறவரைக்கும் அதில்தான் சோறு கொண்டுவந்தார். கூடையில் உனக்கும் பாதிப் பங்கு. அதனால்தான் உனக்கு இவ்வளவு வலிக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நீ சென்னைக்குக் கிளம்புகிற வருஷம் அவளுக்குக் கண்ணில் புரை இறங்க ஆரம்பித்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத் தெரியாமல் பின்னிக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, முதல் தடவையாக உன் கட்டப் படம் இல்லாமல், விரல் நுனியால் முடிச்சைத் தடவித் தடவி, மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு பெரிய கூடை பின்னினாள். ஒரு திங்கட்கிழமை காலையில் துண்டில் மூடிக் கடைக்கு எடுத்துவந்தாள். கடை நிறையக் கூட்டம். துண்டை எடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

நான் பார்த்தேன். நீலமும் பச்சையும் மாறிப்போயிருந்தது. ஒரு பக்கம் உப்பி, ஒரு பக்கம் ஒடுங்கி, கீழே உருண்டை உருண்டையாக என்னவோ இருந்தது. "என்னம்மா இது, குட்டையில எருமை படுத்திருக்குதா?" என்றேன்.

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். "ரயிலுடா. பையன் போற சென்னை ரயிலு."

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்குக் கூட்டம் சிரித்துவிட்டால் போதும், கை கால் நிற்காது. அந்தக் கூடையை வாங்கி, வாழைத்தார் தொங்குகிற கொக்கியில் மாட்டினேன். "இது என்னன்னு கரெக்டாச் சொல்றவங்களுக்கு ஒரு தேங்காய் பன் இனாம்" என்று சத்தமாகச் சொன்னேன். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், நாலு நாள் அது தொங்கியது. டீ குடிக்க வந்தவர்கள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்கள். ஒருத்தர் முதலை என்றார். ஒருத்தர் கம்பளிப்புழு என்றார். ஒருத்தர், "நெல்லு மூட்டையை எலி கடிச்ச மாதிரி இருக்குதுங்" என்றார். ஒருத்தர்கூட ரயில் என்று சொல்லவில்லை. நீயும் அந்த நாலு நாளும் கடைக்கு வந்தாய், அதைக் கேட்டாய், சிரித்தாய். உன் அம்மா மட்டும், "போதுங்க, எடுத்து வைங்க, பெரியவங்க மனசு சங்கடப்படும்" என்றாள். "எங்கம்மாவே சிரிக்கறாங்க, உனக்கென்ன" என்றேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா காபிக்குப் பால் வாங்க வந்தாள். டீ மாஸ்டரின் அம்மா கடைசி வரைக்கும் டீயே குடிக்காதவள், அது உனக்குத் தெரியும். கூடைக்குக் கீழே புதிதாக ஓர் ஆள் நின்றிருந்தார், இவள் யார் என்று அவருக்குத் தெரியாது. "ஏனுங்கம்மா, உங்களுக்கு ஏதாச்சும் தெரியுதுங்களா? சொன்னா பன்னு குடுக்கறாருங்க" என்றார். நான் ஒரு கையில் டீ ஆற்றிக்கொண்டே இன்னொரு கையில் பன்னை எடுத்துவிட்டேன். ரயிலு என்று சொல்வாள், பன்னைக் கொடுத்து ஒரு கூத்து கட்டலாம் என்று தயாராக நின்றேன்.

அவள் தலையைத் தூக்கி அதை ரொம்ப நேரம் பார்த்தாள். "தெரியலீங்க கண்ணு" என்றாள். "எனக்குக் கண்ணு அவ்வளவாத் தெரியறதில்லீங்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் பாலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பன்னைத் திருப்பித் தட்டில் வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்குப் போனபோது, கட்டிலுக்குக் கீழே இருக்கிற வயர்ச் சாக்கைக் காணோம். "வயரெல்லாம் எங்கம்மா?" என்றேன். "ஜமீலா புள்ளைக்கு வேணும்னு சொன்னா. கத்திரிக்கோலோட குடுத்துப்போட்டேன்." "அப்ப நீ?" "போதுண்டா, எவ்வளவு நாளைக்கு" என்றாள். சட்டியில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை. உனக்குச் சந்தேகம் இருந்தால் ஜமீலா அக்காவைக் கேள், அந்தச் சாக்கு வந்தது வியாழக்கிழமை என்று சொல்வாள். நீ ரயில் ஏறியது ஞாயிற்றுக்கிழமை. என்னைவிட அதிகம் படித்தவன் நீ, எது முதலில் வரும் என்று உனக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நீ ரெக்சின் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாய். கொக்கியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த அந்தக் கூடையை அவள் கொண்டுவந்து வைத்தாள். அதில் முறுக்கும் பருப்புப்பொடியும் இருந்தது. நீ அவளிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னாய், "வேண்டாமுங்கப்பா, ஹாஸ்டல்ல சிரிப்பாங்க." அவள் காதில் விழுந்துவிட்டது. "செரி சாமி, ரயில்ல கூட்டமா இருக்கும், நசுங்கிப்போயிரும்" என்று அவளே முறுக்கை எடுத்து உன் பையில் வைத்துக் கட்டினாள். அந்த ஒரு வார்த்தையைத்தானே இத்தனை வருஷமாகச் சுமக்கிறாய். பதினேழு வயசுப் பையனுக்கு, இந்தக் கூடையைப் பார்த்தால் ஜனங்கள் சிரிப்பார்கள் என்று யார் கற்றுக்கொடுத்தது? கொக்கியில் மாட்டிக் கற்றுக்கொடுத்தவன் நான். அவள் கூடைக்குச் சிரிக்கலாம் என்று இந்த வீட்டில் அதற்கு முன்னால் யாருக்கும் தோன்றியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அது இதைவிடக் கேவலம். ஆறு மாசம் கழித்து உனக்கு ஒரு கடிதம் வந்ததே, "நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து ஆத்தா கூடையைத் தொடுவதில்லை" என்று, அது உன் அம்மா எழுதியது. ஏதோ ஒரு வருத்தத்தில், அவளுக்குத் தெரிந்த வரைக்கும் எழுதினாள். எழுதிவிட்டு எனக்குப் படித்துக் காட்டினாள். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

கண் தெரியாததால்தான் விட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டும் பார்த்தேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. அடுத்த வருஷம் கண் முகாமில் ஆபரேஷன் செய்து கூட்டிவந்தேன். கட்டை அவிழ்த்த அன்றைக்கு வீட்டுச் சுவரில் தொங்கிய அந்தக் கூடையைப் பார்த்து, "நீ சொன்னது செரிதாண்டா, எருமையாட்டந்தான் இருக்குது" என்று சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது. மறுநாளே டவுன்ஹால் கடைக்குப் போய் நாலு கலரில் வயர்க் கட்டு வாங்கிவந்து, ஒன்றும் சொல்லாமல் அவள் பக்கத்தில் வைத்தேன். அதுதான் நான் கேட்ட மன்னிப்பு. வாயால் கேட்கத் தெரியவில்லை. "நல்ல கலரு" என்று வாங்கி வைத்துக்கொண்டாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், கொல்லையில் அவரைப் பந்தலை அந்த ஆரஞ்சு வயரால் கட்டிக்கொண்டிருக்கிறாள். நான் அப்போதும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஏம்மா, அவரைக்கொடிக்கா கூடை பின்னுற?" என்றேன். "அவரைக்கு, இது என்னன்னு கேக்கத் தெரியாதல்லோ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. முடிச்சை இறுக்கிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள். அவ்வளவு வருஷத்தில் அவள் அதைப் பற்றிப் பேசியது அந்த ஒரு தடவைதான். நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன்.

போன வருஷம் அவள் கீழே விழுந்து பத்து நாள் படுத்துப் போய்விட்டாள். நீ பெருந்துறையிலிருந்து வந்து, அவள் காலடியில் உட்கார்ந்து, "என்னாலதாங்கப்பா, என்னாலதான் ஆத்தா எல்லாத்தையும் உட்டுப்போட்டா" என்று அழுதாய். நான் உன் தோளில் கை வைத்து நின்றேன். "அதெல்லாம் இல்ல கண்ணு" என்றேன். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னேன். நீ அதைச் சமாதானமாக எடுத்துக்கொண்டாய். அதெல்லாம் இல்லை என்றால் பின்னே என்ன என்று நீ கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ கேட்கவில்லை, நானும் தப்பித்தேன். சுற்றி நின்ற ஜனத்துக்கு நல்ல அப்பாவாகவும் தெரிந்தேன். அம்மா முகத்தில் துணி போடுகிறபோது எனக்கு அழுகை வந்தது, எதற்கு வந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

உன் அம்மா உனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். வாய் என் வாய்தான் உனக்கும், சின்ன வயசிலிருந்தே தெரியும். வருகிறவள் எதையாவது ஆசையாகச் செய்துகொண்டுவந்து உன் முகத்தைப் பார்த்து நிற்பாள். உப்பு கூடியிருக்கலாம், கோணலாக இருக்கலாம். ஏதாவது சொல்லத் தோன்றும். சொல், சொல்லாமல் நம்மால் இருக்க முடியாது. ஆனால் கூட்டத்தைக் கூப்பிடாதே. அவள் சிரிக்கிறாளே என்று இரண்டாம் தடவை சொல்லாதே. சிரிக்கிறவர்கள் எல்லோரும் சிரிப்பு வந்துதான் சிரிக்கிறார்கள் என்று நான் நாற்பத்தஞ்சு வயசு வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

லீவு கேட்டு வா சாமி. படையலுக்கு அவளுக்குப் பிடித்த, வெல்லப் பூரணம் வைத்த ஒப்புட்டு உன் அம்மா சுடுவாள். காபி நீ போட வேண்டும், என் கை டீ பழகிய கை, அவளுக்குப் பிடிக்காது. ரயில் போட்ட கூடையில் இப்போது சின்ன வெங்காயம் இருக்கிறது, வெங்காயத்தைக் கொட்டிவிட்டு உன்னிடமே கொடுக்கச் சொல்கிறேன். அவள் படத்துக்கு முன்னால் சொல்ல வேண்டியதை நீ பக்கத்தில் நிற்கும்போது வாயால் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன். தனியாக நின்றால் மறுபடியும் ஏதாவது நக்கல் செய்து தப்பித்துவிடுவேன்.

மூன்றாம் தாளில் இருக்கிற எண்ணெய்க் கறையைப் பார்த்து வேறு மாதிரி நினைத்துக்கொள்ளாதே. நேற்று எழுதி வைத்துவிட்டு எழுந்தபோது, வாழைக்காய் லோடு இறக்க வருகிற அன்னூர்க்காரர் ஒருத்தர் இரண்டு வெஜிடபிள் பப்ஸ் கேட்டார். கைக்கு வந்த தாளில் மடித்துக் கொடுத்துவிட்டேன். அவர் போன பிறகு எண்ணினால் ஒரு தாள் குறைகிறது. கடை முழுக்கத் தேடினேன். இன்று காலையில் அவரே அதை நாலாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். "ஏனுங்க, பையன் வந்துட்டானுங்களா?" என்றார். "இன்னும் தபால்லயே போடலீங்க" என்றேன். "மொதல்ல போடுங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் இரண்டு பப்ஸ் கேட்டார். இந்தத் தடவை செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தேன்.